எப்போது என்னும் வினா

காலம் மூன்று என்று மாணாக்கருக்குச் சொல்லிக்கொடுப்பது எங்கள் தொழில். இறப்பு, நிகழ்வு, எதிர்வு என்று கரும்பலகையில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் இடைநிலை காட்டி, உதாரணம் சொல்லிவிட்டால் அன்றைய பாடம் முடிந்தது. ஆனால் இறந்தகாலத்தைச் சரியாகச் சொல்லுதல் வகுப்பறையில் மாத்திரம் வேண்டப்படும் ஆற்றலன்று. ஒரு பக்கம் சோர்ந்து, வாய் கோணி, பேச்செழாது கிடக்கும் ஒருவரை வைத்தியசாலை வாயிலிலே கொண்டுவந்து இறக்கும்போது வைத்தியர் கேட்கும் முதல் வினா இறந்தகாலத்தைப் பற்றியதே. ‘எப்போது?’ என்கின்றார் அவர். மூளையின் குருதிக்குழாயை அடைத்த கட்டியைக் கரைக்கும் மருந்து கொடுக்கப்படுவதும் கொடாது விடப்படுவதும், மிகப் பெரும்பாலும், அந்த ஒரு வினாவுக்கு நாம் சொல்லும் விடையிலே தங்கியிருக்கின்றன.

இலக்கியப் பக்கத்தில் இரத்தக்கட்டிக்கு என்ன வேலை என்று வாசகர் சிலர் முகஞ் சுளித்தல் கூடும். வைத்தியர் எழுதவேண்டியதை வைத்தியர் எழுதட்டும், எழுதியும் இருக்கின்றார்கள். மருந்து ஒரு சொல்லிலே தொங்கிக்கொண்டு நிற்கின்றது என்பதுதான் என்னை எழுத வைத்தது. சொல் எங்கள் பகுதி.

முதலிலே பெயரைப் பார்ப்போம். நாம் இந்நோயைப் பாரிசவாதம் என்கின்றோம். தமிழகத்தார் பக்கவாதம் என்பர். பாரிசம் என்றாலும் பக்கம் என்றாலும் ஒன்றே. வாத பித்த சிலேட்டுமம் என்னும் மூன்றனுள் வாதம் பிழைத்தமையால் ஒரு பக்கம் செயலற்றது என்பது பழைய வைத்திய நூலார் கொள்கை. பெயரிலே பழுதில்லை. ஆனால் அது நோய் வந்து தன் வேலையை முடித்தபின் எஞ்சி நிற்பதைக் குறிக்கும் பெயர். எரிகின்ற வீட்டைப் பார்த்துச் ‘சாம்பர், சாம்பர்’ என்று கூவினால் எவர் தண்ணீர்க் குடம் தூக்குவார்? பாரிசவாதம் என்று காதில் விழுந்தவுடன் நம் மனம் எண்ணெய், ஒற்றடம், பத்தியம், ஊன்றுகோல் என்று ஒரு நெடும் பயணத்துக்கு ஆயத்தமாகிவிடுகின்றது. ஆங்கிலத்தார் இதற்கு ‘அடி’ என்று பொருள்படும் சொல்லை வைத்தனர். அவர்களும் அந்த அடிக்கு நெடுங்காலம் மருந்தறியாது இருந்தவர்களே. ஆயினும் அச்சொல்லில் ஒரு திடுக்கீடு இருக்கின்றது. பெயரை மாற்றுக என்று நான் கொடி பிடிக்க வரவில்லை. பெயர் மாற்றும் இயக்கங்கள் பல கண்டாயிற்று. பெயர் மாறும், பழக்கம் இருந்த இடத்திலேயே இருக்கும். பெயருக்குள்ளே ஒளிந்திருக்கும் தாமதத்தை அறிந்துகொண்டாற் போதும்.

நிகழ்வது யாது? மூளைக்குச் செல்லும் குழாய் ஒன்றைக் கட்டி அடைத்துக்கொள்ளுகின்றது. அடைப்புக்கு அப்பாலுள்ள பகுதி பட்டினி கிடக்கின்றது. அதன் நடுவிடம் சில நிமிடங்களுள் மடிந்துபோகும். அதனைச் சூழ்ந்த பகுதியோ அயற்குழாய்களின் வழியே வரும் சிறு குருதியைக் கொண்டு, வேலை செய்யமாட்டாமல், ஆனால் உயிரை விடாமல் கிடக்கும். இச்சூழ்பகுதிக்கு மேனாட்டு வைத்தியர் இட்ட பெயர் கிரகண சாத்திரத்திலிருந்து எடுத்தது. கிரகணத்திலே முழுநிழலைச் சுற்றி மங்கலாக ஓர் அரைநிழல் உண்டல்லவா? அதுவே இது. வானத்துக் கிரகணம் தானே விட்டுவிடும். குழாய் திறவாதவரை இந்த அரைநிழல் மெல்ல மெல்ல முழுநிழலாய் இருண்டுகொண்டே போகும். பெருங்குழாய் ஒன்று அடைபட்டவிடத்து நிமிடமொன்றுக்கு ஏறத்தாழ 19 இலட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன என்று 2006இல் அமெரிக்க வைத்தியர் ஜெப்ரி சேவர் கணக்கிட்டுக் காட்டினார்.

இருண்டு முடியுமுன் குழாயைத் திறப்பதற்கே அல்ரெப்பிளேஸ் என்னும் மருந்து. குருதியை உறையச் செய்வது பைபிரின் என்னும் நார். அந்நாரை அறுக்கவல்ல பொருளொன்று நம் குருதியிலேயே உறங்கிக் கிடக்கின்றது. மருந்து அதனைத் தட்டியெழுப்பும். எழுந்தது கட்டியை அறுக்கும். இன்ன கட்டியைத்தான் அறுப்பேன் என்று அது நோன்பு பூண்டு எழுவதில்லை என்பதே இங்கு இடர். காயம் எங்கே உறைந்திருந்தாலும் அங்கேயும் குருதி வடியலாம். நலிந்த மூளைக்குள்ளேயே வடியலாம். அன்றியும், பாரிசவாதம் எல்லாம் அடைப்பினால் வருவதுமன்று. குழாய் வெடித்துக் குருதி கசிவதாலும் வரும். வெளியே நின்று பார்ப்பவர்க்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். முன்னதற்கு அமுதாவது பின்னதற்கு நஞ்சாகும். ஆதலால் தலையைச் சி.ரி. ஸ்கான் செய்து, கசிவு இல்லை என்று கண்டபின்னன்றி எவரும் இம்மருந்தைத் தொடார்.

இந்த அச்சம் வீணான அச்சமன்று. மாரடைப்புக்குப் பயன்பட்ட ஸ்ரெப்ரோகைனேஸ் என்னும் பழைய மருந்தை மூளையடைப்புக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். 1990களின் நடுப்பகுதியில் ஐரோப்பாவிலும் அவுஸ்திரேலியாவிலும் நடந்த அச்சோதனைகளிலே குருதிக்கசிவும் மரணமும் மிகுந்தமையால் அம்முயற்சி கைவிடப்பட்டது. அந்நிலையிலேதான் 1995இல் அமெரிக்க தேசிய நரம்பியல் நிறுவனத்தார் அல்ரெப்பிளேஸ் பற்றிய தம் சோதனையை வெளியிட்டார்கள். 624 நோயாளர், நோய் தொடங்கி 3 மணித்தியாலத்துள் மருந்து. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, குறையின்றியோ மிகச் சிறு குறையோடோ தேறும் வாய்ப்பு மருந்து பெற்றவரிடத்தே குறைந்தது நூற்றுக்கு 30 பங்கு மிகுந்திருந்தது. அதே சோதனையில், நோயை மோசமாக்கிய மூளைக்கசிவு மருந்து பெற்றவருள் நூற்றுக்கு 6.4, பெறாதவருள் 0.6. பத்து மடங்கு! இருந்தும் மொத்த மரணம் மருந்து பெற்றவரிடத்தே கூடவில்லை. மறு ஆண்டு அமெரிக்க அரசு மருந்துக்கு அனுமதி கொடுத்தது. 2008இல் ஐரோப்பியர் 821 பேரிடத்து நடத்திய சோதனை, 3 முதல் 4½ மணித்தியாலம் வரையுள்ள இடைவெளியிலும் பயன் உண்டு எனக் காட்டியது. நலமுற்றோர் நூற்றுக்கு 52.4, மருந்தில்லாதவருள் 45.2. எல்லை அவ்வளவுக்கு நீண்டது.

எல்லை நீண்டதிலே ஒரு தீமையும் விளைந்தது. அதைச் சொல்வதற்கு நான் என் தொழிலிலிருந்தே உதாரணம் எடுக்கவேண்டும். பரீட்சை விண்ணப்பம் இம்மாதம் 30ஆந் திகதிக்குள் வந்து சேரவேண்டும் என்று அறிவித்தால் 30ஆந் திகதி மாலை நாலு மணிக்கு அலுவலக வாசலில் கூட்டம் நிற்கும். ‘உள்’ என்னும் உருபை நம்மவர் ‘அன்று’ என்றே பொருள்கொள்வர். விண்ணப்பத்துக்கு அது பொருந்தும். முதலாந் திகதி கொடுத்தவனுக்கும் கடைசி நாள் கொடுத்தவனுக்கும் ஒரே மேசைதான். மூளைக்குப் பொருந்தாது. ஒன்பது சோதனைகளிலே சேர்ந்த 6756 நோயாளரின் கணக்கை ஒன்றாகத் திரட்டி 2014இல் வெளியிட்டார்கள். 3 மணித்தியாலத்துள் மருந்து பெற்றவருள் நூற்றுக்கு 33 பேர் நன்கு தேறினர், பெறாதவருள் 23. அதற்குமேல் 4½ வரையுள்ள பகுதியில் 35க்கு 30. பத்துப் பேராக இருந்த பயன் ஐந்து பேராகச் சுருங்கிவிட்டது. மருந்தினால் நேரும் உயிர்க்கொல்லிக் கசிவோ, முந்திக் கொடுத்தாலும் பிந்திக் கொடுத்தாலும் நூற்றுக்கு இரண்டு என்னும் அளவிலே அசையாது நின்றது. விலை மாறவில்லை, பண்டம் குறைந்துகொண்டு போகின்றது. இன்னும் இரண்டு மணித்தியாலம் இருக்கின்றது என்று சொல்லிக்கொண்டு உடை மாற்றித் தேநீர் குடித்துப் புறப்படுவோர் இந்தக் கணக்கை அறியார்.

சரி, அந்த மணித்தியாலத்தை எங்கிருந்து எண்ணுவது? இதுதான் நான் சொல்லவந்த இடம்.

‘எப்போது?’ என்று வைத்தியர் கேட்டால் நாம் சொல்லுகின்ற விடை நாம் கண்ட நேரம். ‘ஆறரை மணிக்கு’ என்போம். ஆறரை மணிக்குக் கண்டது உண்மை. நோய் ஆறரைக்கு வந்தது என்பது நம் ஊகம். வைத்தியருக்கு வேண்டியது நோய் தொடங்கிய நேரம். அது தெரியாதவிடத்து, நோயாளி நலமாயிருக்கக் கடைசியாகக் கண்ட நேரம். முதல்நாள் இரவு ஒன்பது மணிக்கு நன்றாக உண்டு படுக்கப்போனவர் காலை ஆறரைக்குப் பேச்சின்றிக் கிடக்கக் காணப்பட்டால் எண்ணிக்கை ஒன்பது மணியிலிருந்தே தொடங்கும். ஆறரை என்று சொல்லி, வைத்தியர் அதனை நம்பி மருந்தேற்றினால், இருண்டு முடிந்த மூளையிலே குருதி பாயும், கசிவு நேரும். ஒன்பது என்று சொல்லிவிட்டு, ஐந்து மணிக்கு அவர் எழுந்து கிணற்றடிக்குப் போனதை மறந்தால், கிடைக்கவேண்டிய மருந்து கிடையாது போகும். மருந்து கிடைக்கட்டும் என்ற ஆசையால் நேரத்தைக் குறைத்துச் சொல்வோர் இருப்பின் அவர் செய்வது அன்பின்பாற்பட்ட கொடுமை.

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதியிலே வைத்தியத்தை நான்கு கூறாக்குகின்றார் வள்ளுவர்: நோயாளி, தீர்க்கும் வைத்தியன், மருந்து, அருகிருந்து ஆவன செய்வோன். நான்காமவனை உழைச்செல்வான் என்பர். உழை என்பதும் பக்கமே. உரை வகுத்த பரிமேலழகர் இந்நான்கையும் தனித்தனி நந்நான்காகப் பகுத்துக் காட்டுமிடத்து, நோயாளிக்கு வேண்டுவனவற்றுள் தன் நோயின் நிலையை உணர்த்தும் வன்மையையும் ஒன்றாக எண்ணினார். பாரிசவாதம் முதலிலே பறித்துக்கொள்வது பலரிடத்து அந்த வன்மையைத்தான். நாவெழாது, எழுந்தாலும் நினைத்த சொல் வராது, சிலர்க்குத் தமக்கு நோய் வந்திருக்கின்றது என்பதே தெரியாது. ஆகவே நோயாளிக்குரிய அந்தக் கடமை அருகிருப்போன் தலையிலே விழுகின்றது. அவனுக்கு வேண்டியவற்றுள் அன்பை வைத்த பரிமேலழகர் அறிவையும் வைத்தார். நம் வீடுகளில் அன்புக்குப் பஞ்சமில்லை. விறாந்தை நிறைய அன்பு நிற்கும்; அழும்; விபூதி பூசும். மணிக்கூட்டைப் பார்த்தவர் ஒருவரும் இரார்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரை இவ்வாறு கொண்டுபோன சமயம் நானும் உடன் சென்றேன். வைத்தியர் கேட்டபோது மனைவியார் ‘விடியக்காலமே’ என்றார். மூத்த மகன் ‘ஆறரைக்குத்தான் கண்டனாங்கள்’ என்றான். அயல்வீட்டார் ஒருவர், ‘முகம் நேற்றுப் பின்னேரமே சரியில்லை’ என்று தம் பங்குக்கு ஒன்று சேர்த்தார். அவர் எல்லாக் காரியத்திலும் முன்னாளே அறிந்தவர். வைத்தியர் எழுதுகோலை மேசைமேல் வைத்துவிட்டார். அப்போது பின்னால் நின்ற பேர்த்தி, பதினொரு வயது இருக்கும், மெல்லச் சொன்னாள்: ‘ஐந்தே முக்காலுக்கு அப்பப்பா என்னோடை கதைச்சவர். இன்றைக்கு என்ன சோதனை எண்டு கேட்டவர். கணக்கு எண்டு சொன்னன். சிரிச்சவர்.’ ஐந்தே முக்கால் என்று எப்படித் தெரியும் என்று வைத்தியர் வினாவ, ‘படிக்கிறதுக்கு மணி வைச்சு எழும்பினனான், முகங்கழுவிப்போட்டு வந்து மணிக்கூட்டைப் பார்த்தனான்’ என்றாள். கதைத்தார், சோதனையைப் பற்றிக் கேட்டார், விடையை விளங்கிக்கொண்டார், முகம் கோணாமற் சிரித்தார்! ஒரு நரம்பியல் வைத்தியர் செய்யும் பரிசோதனையில் முக்காற் பங்கை அந்தப் பிள்ளை அறியாமலே செய்து முடித்திருந்தாள். எட்டரை மணிக்கு முன் மருந்து ஏறியது. அவர் இப்போது கோலூன்றி நடக்கின்றார். பேச்சில் சிறிது தடக்கம் உண்டு. மருந்தில்லாவிடில் எப்படியிருந்திருப்பார் என்பதை எவராலும் சொல்லமுடியாது. மருந்தின் பயன் நூறுபேர் கணக்கிலே தெரிவது. ஒருவரிடத்து வைத்துப் பார்த்தால் தெரியாது.

இனி வைத்தியர் பக்கம். மணி தெரிந்துவிட்டால் தீர்மானம் முடிந்தது என்று கருதுவோர் உளர். அதே அதிகாரத்தில், கற்ற வைத்தியன் நோயுற்றவனது நிலை, நோயினது நிலை, காலம் ஆகிய மூன்றையும் எண்ணிச் செய்யவேண்டும் என்று வள்ளுவர் வைத்தார். காலம் மூன்றனுள் ஒன்று. குருதியமுக்கம் 185க்கு 110 என்னும் அளவுக்கு மேல் நின்றால் அதனை இறக்கிய பின்னரே மருந்து. வெல்லம் மிகக் குறைந்தவர் பாரிசவாதக்காரர் போலவே சோர்ந்து கிடப்பார்; அவருக்கு வேண்டியது வேறு. குருதி உறையாதிருக்க மருந்து உண்பவரா, அண்மையில் சத்திரசிகிச்சை செய்தவரா என்பதெல்லாம் அறியவேண்டும். இவற்றுள்ளும் பல உழைச்செல்வான் சொல்லவேண்டியவை. வீட்டிலுள்ள மருந்துக் குளிசைகளைப் பையோடு அள்ளிக்கொண்டு போவது பத்து நிமிடத்தை மீட்டுத்தரும்.

நோயுற்றவனது நிலை என்பதில் வயதைப் பற்றி ஒரு சொல். ‘வயது போனவர்தானே, இனி என்ன’ என்னும் வார்த்தை நம்மிடையே எளிதில் வருகின்றது. முற்காலத்துச் சோதனைகளும் 80ஐக் கடந்தோரைப் பெரும்பாலும் சேர்க்கவில்லை. ஆகவே அவர்க்கு மருந்தாகாது என்று ஓர் எண்ணம் நிலவிற்று. 2012இல் வெளிவந்த சர்வதேசச் சோதனையொன்றில் 3035 பேர் சேர்ந்தனர். பாதிக்கு மேற்பட்டோர் 80 வயதைத் தாண்டியவர். அவர்க்குக் கிடைத்த பயன் இளையோர்க்குக் கிடைத்ததிற் குறைந்ததன்று. வயதைக் காரணங்காட்டி ஆறுதலாகப் புறப்படுகின்ற பிள்ளைகள் இதை அறிதல் நன்று.

நோயின் நிலை என்பதிலே எனக்கு மிக வேண்டிய ஒரு நுட்பம் இருக்கின்றது. நோயின் கடுமையை 0 முதல் 42 வரை புள்ளியிட்டு அளக்கின்றார்கள். புள்ளி குறைந்த, வாழ்வை முடக்காத சிறு நோய்க்கு அல்ரெப்பிளேஸ் பயன் தந்ததாக 2018இல் வந்த அமெரிக்கச் சோதனை காட்டவில்லை. கசிவோ சிறிது நேர்ந்தது. ஆகவே சிறு நோய்க்கு அஸ்பிரின் போதும் என்பர். நியாயம். ஆனால் முடக்காத நோய் எது? வலக்கையின் இரண்டு விரல் மரத்தல் எனக்குப் பெரிதன்று. வீணை வித்துவானுக்கு அது வாழ்வு. கால் இலேசாக இழுத்தல் எனக்குப் பொறுக்கத்தக்கது. மரமேறுவோனுக்கு உணவு போயிற்று. சொல் தடைப்படுதலுக்கு அந்த அளவுகோல் கொடுக்கும் புள்ளி சொற்பம். ஆசிரியன் ஒருவனுக்கு அதைவிட முடக்கம் வேறென்ன? புள்ளி குறைந்தாலும் அவரவர் வாழ்வை முடக்கும் குறையாயின் மருந்து கொடுக்கலாம் என்பதே இன்று வைத்தியர் கொள்ளும் நெறி. இவர் இன்ன தொழில் செய்பவர் என்று ஒரு வார்த்தை அருகிருப்போர் சொல்லிவைத்தல், வைத்தியர் நிறுக்கும் தராசிலே ஒரு படிக்கல்லை வைத்தது போலாகும்.

உறக்கத்தில் வரும் நோயைப் பற்றியும் சொல்லவேண்டும். பாரிசவாதத்துள் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று உறக்கத்தோடு வந்து விழித்தவுடன் காணப்படுவது. முன்பு, படுக்கப்போன நேரத்திலிருந்து எண்ணி, காலங் கடந்தது என்று கைவிட்டுவிடுவர். 2018இல் ஐரோப்பாவில் 503 பேரிடத்து ஒரு சோதனை நடந்தது. எம்.ஆர்.ஐ. படத்திலே இரு வகை உண்டு: ஒன்றில் அடைப்பு நேர்ந்த சிறிது பொழுதிலேயே குறி தோன்றும், மற்றொன்றில் சில மணித்தியாலங் கழித்தே தோன்றும். முதலாவதில் குறி இருந்து இரண்டாவதில் இல்லையாயின் நோய் புதியது என்று கொள்ளலாம். அங்ஙனம் தெரிந்தெடுத்து மருந்து கொடுத்தோருள் நூற்றுக்கு 53.3 பேரும், கொடாதோருள் 41.8 பேரும் நன்கு தேறினர். மருந்து பெற்றோரிடத்து மரணம் சற்றுக் கூடியிருந்தது என்பதையும் மறைக்கலாகாது: 4.1க்கு 1.2; அது தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம் என்பது ஆராய்ந்தோர் கணக்கு. மனிதன் சாட்சி சொல்ல மாட்டாதவிடத்து மூளையே தன் வயதைச் சொல்லுகின்றது. ஆனால் அந்த மொழியைப் படிக்கும் கருவி எல்லா இடத்திலும் இல்லை. இல்லாத இடத்துக்குப் பதினொரு வயதுப் பேர்த்திதான்.

தீர்மானத்தில் இன்னுமொரு பங்கு நமக்கு உண்டு, அது சம்மதம். நூற்றுக்கு இத்தனை பேர் தேறுவர், இத்தனை பேருக்கு மூளையிற் குருதி கசியலாம் என்று வைத்தியர் சொல்லுகின்றார். கேட்டவுடன் நாம், ‘பெரியண்ணை வரட்டும், கேட்டுச் சொல்லுகிறோம்’ என்கின்றோம். பெரியண்ணன் கனடாவில் இருக்கின்றார், அங்கே நடுச்சாமம். தொலைபேசி எடுபடவில்லை. எடுபட்டபின் அவர் தமக்குத் தெரிந்த வைத்தியர் ஒருவரைக் கேட்டுச் சொல்வதாகச் சொல்லுகின்றார். மூத்தோரைக் கேளாது முடிவெடாமை நம் குடும்பங்களின் அழகு என்பதை நான் மறுக்கவில்லை. கலியாணத்துக்கும் காணி உறுதிக்கும் அது பொருந்தும். இங்கே, கேட்டு முடிப்பதற்குள் கேட்கவேண்டிய பொருள் குறைந்துபோகின்றது. பெரியண்ணனை நோய் வராத நாளிலே கேட்டுவைக்கலாம். அம்மாவுக்கு இப்படி நேர்ந்தால் அருகில் இருப்பவர் வைத்தியரோடு பேசி முடிவெடுக்கட்டும் என்று ஒரு கடிதத்தில் அவர் எழுதிவிடலாம். இது அமங்கலம் என்று கருதுவோர் மரணசாசனம் எழுதுவதை அமங்கலம் என்று கருதக் காணோம்.

வைத்தியர்களுக்கும் ஒரு விண்ணப்பம். ‘ஆபத்தான மருந்து, கையெழுத்துப் போடுங்கள்’ என்று சொன்னால் எந்தத் தாயும் பேனாவைத் தொடமாட்டாள். கொடாமல் விடுவதிலும் ஆபத்து உண்டு என்பதை அதே மூச்சிற் சொல்லவேண்டும். கொடுத்தால் வருவது செய்ததனால் வந்த கேடு. கொடாமல் விட்டால் வருவது விதி. இப்படியொரு பாகுபாடு நம் உள்ளத்திலே ஊறிக் கிடக்கின்றது. கணக்கை எளிய தமிழிலே, விரல்விட்டு எண்ணுமாறு சொல்லுங்கள். எங்கள் தாய்மார்க்கு நூற்றுக்கு வட்டிக் கணக்குத் தெரியும்.

வைத்தியசாலைக்குள்ளே கழியும் நேரமும் குறைக்கத்தக்கதே என்பதற்குப் பின்லாந்து தேசம் சான்று. ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக வைத்தியசாலையிலே நோயாளி வாயிலை அடைந்ததிலிருந்து மருந்து ஏறும்வரை, 1998இல் இடையக் கணக்கில் 105 நிமிடம் சென்றது. 2011இல் அது 20 நிமிடமாயிற்று. எவரும் அதிகம் ஓடவில்லை. நோயாளர் காவு வண்டியிலிருந்தே முன்னறிவித்தல் கொடுத்தனர். நோயாளி வந்து சேருமுன்பே அவர் வரலாற்றைக் கேட்டறிந்தனர். வண்டியின் தள்ளுகட்டிலோடு நேரே ஸ்கான் அறைக்குக் கொண்டுசென்றனர். மருந்தை அந்த மேசையிலே வைத்தே ஏற்றினர். ஒன்றன்பின் ஒன்றாகச் செய்ததை ஒருங்கே செய்தனர், அவ்வளவே. இப்போது மருந்தும் எளிதாகி வருகின்றது. அல்ரெப்பிளேஸ் பத்திலொரு பங்கை முதலிற் செலுத்தி எஞ்சியதை ஒரு மணித்தியாலம் ஏற்றவேண்டியது. ரெனெக்ரெப்பிளேஸ் என்பது ஒரே ஊசி. 2025இல் அமெரிக்காவிலும் அது மூளையடைப்புக்கு அனுமதிக்கப்பட்டது.

நம் நாட்டிலே 1990 என்னும் எண்ணை அழைத்தால் வரும் நோயாளர் காவு வண்டி 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி 2018இல் வடக்குக்கும் வந்தது. கட்டணமில்லை. இருந்தும் ஓட்டோவுக்கு ஆளனுப்பும் பழக்கம் இன்னும் போகவில்லை. எல்லா வைத்தியசாலையிலும் ஸ்கான் கருவி இல்லையாதலால், பக்கத்திலுள்ளதற்குப் போய் அங்கிருந்து மாற்றப்படுவதிலே பொன்னான பொழுது போகும். எங்கே போகவேண்டும் என்பதையும் வண்டியில் வருவோரிடமே கேட்பது நல்லது. குறளிலே காலம் அறிதலை அடுத்து இடன் அறிதல் நிற்பதை மாணவர் நினைவுகொள்க. பரியாரியார் வைத்தியத்தை நான் இகழ்வேனல்லேன். பின்னே வரும் நெடுநாட்களில் அவர் எண்ணெய்க்கும் கைக்கும் இடமுண்டு. முதல் மணித்தியாலங்கள் அவருக்குரியனவல்ல. கோப்பியும் கஞ்சியும் அப்போது ஊட்டலாகாது; விழுங்கும் ஆற்றல் போயிருந்தால் சுவாசப்பையிலே இறங்கும். அஸ்பிரினும் ஸ்கானுக்கு முன் கூடாது.

முகம் கோணுகின்றதா, கை தாழ்கின்றதா, சொல் குழறுகின்றதா என்று பார்க்கும்படி சுவரொட்டிகள் சொல்லுகின்றன. நல்ல காரியம். அவற்றின் அடியிலே ‘நலமாயிருக்கக் கடைசியாகக் கண்ட நேரம்’ என்று எழுதி, பக்கத்திலே ஒரு வெறுங்கோடு விட்டால் என்ன? இத்தொடரை வகுப்பிலே எழுதி ஒருநாள் இலக்கணம் கேட்டேன். ‘கண்ட’ என்பது பெயரெச்சம் என்று எல்லாரும் சொன்னார்கள். ‘கண்டவர் யார், ஐயா?’ என்று ஒரு மாணவி கேட்டாள். அச்சிடுவோர் அந்த இடத்துக்கும் ஒரு கோடு விடவேண்டும். சுகாதாரப் பகுதியார் இத்தகைய பிரசுரங்களை அச்சேற்றுமுன் தமிழ் வடிவத்தைப் பார்த்துக்கொடுக்க ஆசிரியர் பலர் கைம்மாறு கருதாது முன்வருவர். நானும் வருவேன்.